வயதான நாய்க்கு எப்போது விடைகொடுப்பது?

14 வயது நாய் எழவே சிரமப்படுகிறது, ஊசி போட்டு விடைகொடுக்க எப்போது முடிவெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வெறும் மூட்டுவலி என்றால் மருந்திலேயே கொஞ்ச காலம் நன்றாக இருக்கும். புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அப்புறம் காலண்டரில் நல்ல நாள், கெட்ட நாள் என்று குறித்து வாருங்கள். கெட்ட நாள் கூடிவிட்டால் நேரம் வந்துவிட்டது. வாலாட்டுகிறதே என்று மட்டும் நம்பாதீர்கள், வலியிலும் நாய் வாலாட்டும்.

எங்கள் நாய் மணி தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு என்னை இழுத்துக்கொண்டு ஓடியவன். கடைசியில் மத்தி மீன் சோற்றைப் பிசைந்து நீட்டினாலும் முகர்ந்துவிட்டு என் விரலை மட்டும் நக்கினான். அப்போதும் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அந்த வாரம் எனக்காகத்தான், அவனுக்காக இல்லை.

போடுவது அளவு கூடிய மயக்க ஊசிதான், வலிக்காமல் தூங்கிப்போகும். உயிர் பிரிந்த பிறகும் கண் திறந்தே இருக்கலாம், பயப்படாதீர்கள். தலையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.