அட்டையில் ப்ளீட் எதற்கு, முதுகு எதற்கு?

கேள்வி: மன்னார்குடியிலிருந்து வேளாண் காலாண்டிதழ் ஒன்றைக் கொண்டுவருகிறோம். அட்டையை ஏ4 அளவில் வடிவமைத்துக் கொடுத்தோம். ‘ப்ளீட் இல்லை, மாஸ்ட்ஹெட் கட்டிங்கில் போகும், முதுகு அளவும் இல்லை’ என்று அச்சகத்தில் திருப்பிவிட்டார்கள். இவற்றுக்கு என்ன பொருள்?

பதில்: முதல் இரண்டும் கத்தி சார்ந்தவை. இதழைக் கட்டிய பிறகு மேல், கீழ், வெளிப்பக்கம் என மூன்று ஓரங்களையும் சேர்த்து வெட்டும்போது கத்தி சற்றே விலகுவது இயல்பு என்பதால், ஓரம்வரை வரவேண்டிய படத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நீட்டி வைக்கிறோம். அந்த உபரிதான் ப்ளீட். அது இல்லாவிட்டால் உங்கள் வயல் படத்தின் விளிம்பில் வெள்ளைக் கீற்று தெரியும்.

மாஸ்ட்ஹெட் என்பது இதழின் பெயரெழுத்து. (உள்ளே வரும் ஆசிரியர் குழுப் பட்டியலையும் சிலர் அப்படி அழைப்பதுண்டு, இங்கே அது பொருளன்று.) ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் நிற்கும், தமிழில் அப்படியில்லை. ‘உழுதொழில்’ என்று பெயர் வைத்தால் ‘ழு’வின் வால் கீழே இறங்கும், ‘ழி’யின் சுழி மேலே ஏறும். ஆகவே எழுத்தின் உடலை அளக்காமல் சுழியின் உச்சியிலிருந்து அளந்து, வெட்டுக்கோட்டுக்குக் குறைந்தது 8 மி.மீ. உள்ளே நிறுத்துங்கள். உள்ளடக்கத்தைச் சுட்டும் கவர்லைன்களுக்கும் இதே விதிதான். அவை மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

முதுகு என்பது இதழைக் கட்டும் பக்கத்தின் தடிமன். பசை போட்டுக் கட்டும் இதழுக்கு மட்டுமே அது உண்டு. நடு மடிப்பில் சென்டர் பின் அடித்தால் தேவையில்லை. முதுகின் அளவு தாளையும் பக்க எண்ணிக்கையையும் பொறுத்தது, ஆதலால் அச்சகத்தாரிடமே கேட்டுப் பெறுங்கள். முதுகு 10 மி.மீ. என்றால் பின்னட்டை, முதுகு, முன்னட்டை மூன்றும் சேர்ந்த முழு விரிப்பு, ப்ளீட் உட்பட, 436 × 303 மி.மீ. ஆகும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குறுவை நாற்றங்காலின் இளம்பச்சை கணினித் திரையில் பளிச்சென்று தெரியும். நான்கு வண்ண அச்சில் அவ்வளவு வராது, அதில் மெஜந்தா என்னும் இளஞ்சிவப்பு மை சிறிது கூடினாலும் நாற்று வாடியதுபோல் மங்கிவிடும். படத்தை சிஎம்ஒய்கே என்னும் அந்த நான்கு வண்ண முறைக்கு மாற்றி, கலர் புரூஃப் (வண்ண மாதிரி அச்சு) ஒன்று வாங்கிப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே அச்சுக்கான பிளேட் போடச் சொல்லுங்கள்.