கருப்புப் பின்னணி சாம்பலாகத் தெரிந்தால்

கேள்வி: வீட்டிலிருந்தே பித்தளை விளக்குகள் விற்கிறேன். கருப்பு சார்ட் பேப்பரைப் பின்னால் ஒட்டி போனில் படம் எடுத்தால் பின்னணி சாம்பலாக, நடுவில் பளபளப்போடு விழுகிறது. குறைந்த செலவில் நல்ல கருப்பு கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். முதலில் சார்ட் பேப்பரை எடுத்துவிடுங்கள். அதன் வழவழப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். சாட்டினும் லைனிங் துணியும் அதே ரகம்தான்.

கருப்பு வெல்வெட் வாங்குங்கள், முடிந்தால் பருத்தி வெல்வெட். நெருக்கமாக நிற்கும் அதன் இழைகளுக்குள் புகும் ஒளி அங்கேயே மோதி அடங்கிவிடும். பாலியஸ்டரில் சில மினுக்கும். கடையிலேயே ஒரு முனையை மடித்து டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள்; மடிப்பு வெள்ளைக் கோடாக மின்னினால் வேண்டாம். வீட்டில் மடித்து வைக்காமல் குழாயில் சுற்றி வையுங்கள். இழை நசுங்கிய இடம் படத்தில் சாம்பல் பட்டையாகத் தெரியும். நூல், தூசியை செல்லோடேப்பால் ஒற்றி எடுங்கள்.

ஆனால் துணியைவிட இடைவெளிதான் முக்கியம். பலரும் பொருளைத் திரையோடு ஒட்டியே வைக்கிறார்கள்; அதன்மேல் விழும் வெளிச்சம் துணிமேலும் விழுகிறது. சிறிய பல்பிலிருந்து 2 அடியில் பித்தளை விளக்கு, 6 அடியில் துணி என்று வைத்துப் பாருங்கள். தூரம் மூன்று மடங்கு, துணிக்குப் போகும் ஒளி ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. இந்த இடைவெளி இருந்தால் சாதாரணக் கருப்புப் போர்வைகூட நன்றாகவே கருக்கும். பல்பைப் பக்கவாட்டில் வைத்து, அதற்கும் துணிக்கும் நடுவே ஓர் அட்டையை மறைப்பாக நிறுத்துங்கள். ஜன்னலை மூடி, அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியும் திரையை வெளுக்க வைக்கும்.

அப்புறம் போன். கருப்பு நிறைய இருந்தால், காட்சி இருட்டாக இருக்கிறது என்று எண்ணி அது தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும். பிளாஷை அணைத்து, போன் திரையில் பித்தளை விளக்கின்மேல் விரலை வைத்து, பிரகாசத்தைக் கீழே இழுங்கள். பின்னணி கருத்ததும் நிறுத்துங்கள்.

பித்தளைக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. பாலிஷ் போட்ட பித்தளை கண்ணாடி மாதிரி. சுற்றியிருக்கும் கருப்பையும் காட்டும். அதனால் விளக்கின் ஓரங்கள் இருட்டில் கரைந்துபோகும். இரு பக்கமும், படச்சட்டத்துக்குச் சற்று வெளியே, வெள்ளைத் தெர்மாகோல் துண்டு ஒவ்வொன்று நிறுத்துங்கள். தண்டின் இரு ஓரத்திலும் மெல்லிய வெளிச்சக் கோடு விழும். அந்தக் கோடு சீராக வரும்வரை துண்டுகளை முன்னும் பின்னும் நகர்த்துங்கள்.