டயர் கடைக்குப் போகும் முன் ரிம்மைக் கழற்றுங்கள்

கேள்வி: அருப்புக்கோட்டைப் பக்கம் 2 ஏக்கர் மானாவாரி நிலம். பழைய மினி டிராக்டர் ஒன்று வாங்கி, சொந்த வேலை போக வாடகைக்கும் ஓட்டுகிறேன். ஆறு மாதத்தில் 14 பஞ்சர்: இடது பின் சக்கரம் 9, முன் வலது 4, இன்னொன்றில் 1. ஒவ்வொரு முறையும் 300 ரூபாயும் அரை நாளும் போகிறது. டயர் கடையில் நாலையும் மாற்றச் சொல்கிறார்கள், 36,000 ரூபாய். தவணை என்றால் மாதம் 3,500 வீதம் 12 மாதம். கட்டலாமா? இன்ஷூரன்ஸில் ஏதாவது கிடைக்குமா?

பதில்: எந்தச் சக்கரம் எத்தனை முறை என்று எழுதி வைத்திருக்கிறீர்களே, அதுதான் இந்தக் கடிதத்தில் எனக்குக் கிடைத்த பொக்கிஷம். 14-இல் 9 ஒரே சக்கரத்தில். உங்கள் ஊரில் சீமைக்கருவேல முள்ளுக்குப் பஞ்சமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முள் ஆள் பார்த்துக் குத்தாது. ஒரே சக்கரத்தில் ஒன்பது முறை காற்று இறங்குகிறது என்றால், குத்தியது வெளியே இல்லை, உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நாலு டயரையும் மாற்றச் சொன்னவர் அந்த 9-ஐப் பார்க்கவே இல்லை.

அடுத்த முறை டியூபை வெளியே எடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஓட்டை டயர் பக்கம் இருக்கிறதா, ரிம் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். டயர் பக்கம், அதுவும் முன்பு ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே என்றால், முள் நுனி உடைந்து டயருக்குள் நிற்கிறது. பழைய துணியை உள்பக்கம் சுற்றித் தடவினால் அது துணியைப் பிடிக்கும்; வெறுங்கை வேண்டாம். ரிம் பக்கம் ஓட்டை என்றால் துரு. பழைய வண்டி, எடைக்காகப் பின் டியூபில் தண்ணீர் நிரப்பி ஓட்டியிருந்தால் கசிந்து ரிம்மை அரித்திருக்கும். சுரண்டி, தேய்த்து, பெயின்ட் அடிக்காமல் எத்தனை டியூப் போட்டாலும் நிற்காது. வால்வு அடியில் கிழிந்திருந்தால் அது வேறு கதை: காற்று குறைவாக ஓட்டும்போது டயர் ரிம்மில் வழுக்கி டியூபை இழுத்திருக்கிறது. முன் சக்கரத்தில் முதலில் வால்வு வாயில் சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் வால்வு பின்னை மாற்றினால் போதும், சில்லறைச் செலவு.

இப்போது காசுக்கு வருவோம். உங்களுக்கு வாடகை மணிக்கு 700, டீசலும் ஆள் கூலியும் போக 450 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை நாள் என்றால் 3 மணி நேரம், 1,350 ரூபாய். 14 பஞ்சரில் 8 வாடகை இருந்த நாளில் வந்திருந்தால் 10,800. பஞ்சர் கூலி 4,200 சேர்த்தால் ஆறு மாதத்தில் 15,000 போயிருக்கிறது. வலிப்பது 300 ரூபாய், ஆனால் தின்றது அரை நாள்.

ஆகவே முதல் வேலை: பின்பக்கத்துக்கு ஒரு புது டியூப், ரிம் சுத்தம், முன்பக்கத்துக்கு ஒரு டியூப், கூலி. எல்லாம் சேர்ந்து 3,500 ரூபாய் அளவில் முடியும். சீசனில் இரண்டு பஞ்சர் குறைந்தாலே போட்டது ஏறக்குறைய வந்துவிடும். டியூபுக்குள் ஊற்றும் சீலன்ட் பற்றியும் கேட்பீர்கள். முள் ஓட்டைக்கு அது உதவும். ரிம் துருவுக்கும் வால்வுக் கிழிசலுக்கும் உதவாது. பஞ்சர் ஒட்டுபவர் முகம் சுளிப்பார், ஏனென்றால் அந்தக் கூழைத் துடைத்தெடுக்காமல் ஒட்டு பிடிக்காது.

டயரில் நூல் தெரிந்தாலோ, பக்கவாட்டில் வீங்கியிருந்தாலோ, மொட்டையாகிவிட்டாலோ மாற்றத்தான் வேண்டும். அப்போதும் பின் இரண்டு மட்டும், புது டியூபோடு. பழைய டியூப் விரிந்து போயிருக்கும், புது டயருக்குள் மடிந்து அந்த மடிப்பிலேயே கிழியும். இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

அந்தத் தவணை பற்றி. 36,000-க்கு 42,000 கட்டுகிறீர்கள், அதாவது 6,000 வட்டி. கடைக்காரர் 'வருஷத்துக்கு 17 சதவீதம்தான்' என்பார். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் முழு அசலுக்கும் ஓடுகிறது. குறையும் அசலுக்குப் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு 29 சதவீதத்தைத் தாண்டும். வேண்டாம்.

கிசான் கிரெடிட் கார்டு இருக்கிறதா? பயிருக்குக் கணக்கிடும் தொகையோடு, அதில் 20 சதவீதம் பண்ணைக் கருவிகளின் பழுது, பராமரிப்புக்கென்று சேர்க்க விதியிலேயே இடம் உண்டு. பலர் கேட்பதே இல்லை. உங்கள் பயிருக்கு 60,000 என்றால் இதற்கு 12,000. நாலு டயருக்குப் போதாது, ஆனால் மேலே சொன்ன வேலைக்குத் தாராளம். 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4. உங்கள் கார்டில் இந்தப் பகுதி சேர்க்கப்பட்டிருக்கிறதா, அதற்கும் அந்தச் சலுகை உண்டா என்று வங்கிக் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. டிராக்டர் டயர், டியூபுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 10,000 ரூபாய் டயர் 11,800-க்கு விற்றது, இப்போது 10,500. உங்களுக்குச் சொன்னது எந்த விலை என்று பில் எழுதும் முன் கேளுங்கள். பில் இல்லாமல் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள், பின்னால் டயரில் குறை வந்தால் கையில் ஆதாரம் இருக்காது.

இனி வாடகைக்கு ஓடும் ஒவ்வொரு மணிக்கும் 25 ரூபாய் தனிக் கணக்கில் போடுங்கள். வருஷம் 400 மணி என்றால் 10,000. மாதாமாதம் ஒரே தொகை கட்டும் ஆர்.டி. வேண்டாம், உழவில்லாத மாதத்தில் தவணை தவறும். சாதாரண சேமிப்புக் கணக்கே போதும், மனைவி பெயரில் என்றால் டீக்கடையில் கரையாது.

இன்ஷூரன்ஸ்: பஞ்சருக்கும் தேய்மானத்துக்கும் கிடையாது. முழு பாலிசி எடுத்திருந்து, விபத்தில் வண்டியும் சேர்ந்து சேதமானால்தான் டயர், டியூப் விலையில் பாதி வரை வரும். ரிம்மைக் கழற்றிய பிறகு என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள், துரு ஓட்டையாகவே போயிருந்தால் பழைய ரிம் வாங்குவதா, புதிதா என்று பார்ப்போம்.