நாத்தனார் கொடுத்த மாத்திரை

வாசகியர் கேள்விகளுக்கு மகளிர் நல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு 49 வயது. ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. பீரியட்ஸ் நின்று இரண்டு வருடம் ஆகிறது. கஸ்டமர் முன்னால் புடவையை விரித்துப் போடும்போதே குப்பென்று வியர்த்து பிளவுஸ் நனைந்துவிடும். ராத்திரியில் தூக்கமே இல்லை. என் நாத்தனாருக்குக் கர்ப்பப்பை எடுத்தாகிவிட்டது. அவர் தன் டாக்டர் எழுதிக்கொடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை ‘நீயும் போட்டுப் பாரேன்’ என்று கொடுத்தார். சில வாரங்களிலேயே நல்ல குணம் தெரிந்தது. பிறகு மெடிக்கலில் அட்டையைக் காட்டி நானே வாங்கிக்கொண்டேன். இப்போது லேசாகக் கறை படுகிறது. கேன்சராக இருக்குமோ? தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன்.
– பெயர் வேண்டாம், கரூர்

பதில்: இந்த வாரமே ஒரு மகளிர் மருத்துவரைப் பாருங்கள், சகோதரி. போகும்போது இரண்டு மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டு போங்கள். ‘ஏதோ ஹார்மோன், வெள்ளைக் கலர்ல இருக்கும்’ என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. நாத்தனாரின் மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

பீரியட்ஸ் நின்று ஒரு வருடம் கழிந்த பிறகு ஒரு சொட்டு பட்டாலும் காரணம் தெரிந்தாக வேண்டும். அப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கேன்சர் இருப்பதில்லை. ஆனாலும் அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், ஊகத்தில் சொல்லக்கூடாது. உள்வழி ஸ்கேனில் கர்ப்பப்பையின் உட்சவ்வு எவ்வளவு தடித்திருக்கிறது என்று அளப்பார்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், துளி சதையை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லலாம். மெல்லிய குழாய் வழியாக எடுப்பது. பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்.

உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் அந்த அட்டையின் மேல்தான். ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்சவ்வை வளர்த்துக்கொண்டே போகும். கூட புரோஜெஸ்டிரான் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்தால்தான் அந்த வளர்ச்சி அடங்கும். கர்ப்பப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனை மட்டும் நெடுநாள் சாப்பிட்டால் அந்தச் சவ்வில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. நாத்தனாருக்குக் கர்ப்பப்பையே இல்லை என்பதால் அவருக்குத் தனி ஈஸ்ட்ரோஜன் எழுதியது சரி. அவர் கெட்ட எண்ணத்தில் தரவில்லை, அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். சீட்டுக்கூடக் கேட்காமல் அட்டையைப் பார்த்து எடுத்துக் கொடுத்தாரே, அந்த மெடிக்கல்காரர் மேல்தான் எனக்குக் கோபம்.

சரி, வியர்வைக்கு இனி மருந்தே கிடையாதா? உண்டு. ஸ்கேன் நன்றாக இருந்தால், ஹார்மோன் சிகிச்சையால் லாபம் அதிகம் கிடைக்கிற வயதில்தான் நீங்கள் இருக்கிறீர்கள்: 60-க்குள், பீரியட்ஸ் நின்று 10 வருடத்துக்குள். ஆரம்பிப்பதற்கு முன் பி.பி., சர்க்கரை, கொழுப்பு, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எல்லாம் பார்த்துவிட வேண்டும். மார்பகப் புற்றுநோய், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு, மாரடைப்பு, பக்கவாதம் இவற்றில் ஏதாவது வந்திருந்தாலும், கல்லீரல் கோளாறு இருந்தாலும் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ மார்பகப் புற்று இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

உங்களுக்கு நான் எழுதுவதாக இருந்தால் தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லைத்தான் முதலில் யோசிப்பேன். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் கல்லீரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது. தோல் வழியாகப் போகும்போது அந்தத் தொல்லை தெரிவதில்லை. தைராய்டுக்கும் இது பொருந்தும். மாத்திரையாகச் சாப்பிட்டால், ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் கூடி, நீங்கள் வெறும் வயிற்றில் போடுகிற தைராக்ஸின் பற்றாமல் போகலாம். அதனால் 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டியிருக்கும்.

புரோஜெஸ்டிரான் தினம் 100 மில்லிகிராம், அல்லது மாதத்தில் 12 நாள் 200 மில்லிகிராம் என்று தருவது வழக்கம். அது கண்ணைச் செருகும், அதனால் படுக்கப் போகும்போது போடச் சொல்வோம். தூக்கமில்லாத உங்களுக்கு அதுவே ஒரு உபகாரம்.

கேள்வி: வயது 63. மாதவிடாய் 50-இல் நின்றது. எந்தத் தொந்தரவும் இல்லை. ஹார்மோன் எடுத்துக்கொண்டால் எலும்பும் இதயமும் கெட்டியாக இருக்கும் என்று அமெரிக்காவில் இருக்கும் மகள் சொல்கிறாள். ஆரம்பிக்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: வேண்டாம் டீச்சர். உங்கள் மகள் இருக்கும் அதே அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அவர்களின் சராசரி வயதும் 63. இதயத்தைக் காக்கும் என்று நம்பித்தான் இரட்டை ஹார்மோன் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2002-இல் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. 10,000 பேர் ஒரு வருடம் சாப்பிட்டால் மாரடைப்பு 7 பேருக்கும், பக்கவாதம் 8 பேருக்கும், மார்பகப் புற்று 8 பேருக்கும் கூடுதல். இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைவு. இதைப் பேப்பரில் படித்துவிட்டு, வியர்வையில் தவித்துக்கொண்டிருந்த 48 வயதுப் பெண்களும் பயந்து மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள். அது வேறு கொடுமை.

எலும்புக்கு, அதன் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். தேய்மானம் இருந்தால் அதற்கென்றே மருந்து இருக்கிறது.

கேள்வி: 41 வயதில் கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். கேன்சர் இல்லை, கட்டிதான். டாக்டர் ஹார்மோன் எழுதினார். மார்பகப் புற்று வரும் என்று அக்கா தடுக்கிறார்.
– வாசகி, தேனி

பதில்: அக்காவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். இன்னும் பத்து வருடம் போல உங்கள் சினைப்பையே சுரந்திருக்க வேண்டியதைத்தான் அந்த டாக்டர் வெளியிலிருந்து தருகிறார். மேலே டீச்சருக்குச் சொன்ன கணக்கை உங்களோடு ஒப்பிடக்கூடாது. இந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் விட்டால் எலும்பும் இதயமும் சீக்கிரம் கெடும். தடை சொல்லும் வேறு நோய் இல்லையென்றால் 50 வயதை ஒட்டி வரையாவது எடுத்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கு ஒருமுறை அவரைப் பார்த்துக்கொண்டே.

கேள்வி: ஈஸ்ட்ரோஜன் ஜெல் தடவுகிறேன். ஒன்றரை வயதுப் பேத்தி எந்நேரமும் என் தோளில்தான். அவளுக்கு ஏதும் ஆகுமா?
– பாட்டி, தாம்பரம்

பதில்: நல்ல கேள்வி, மருந்து எழுதும் எங்களில் பலர் சொல்ல மறப்பது. தோலில் போடும் ஈஸ்ட்ரோஜன் குழந்தைகள் மேல் தொடர்ந்து பட்டு, பெண் குழந்தைக்கு அகாலத்தில் மார்பு வளர்ந்ததும் உண்டு. தோள், மேற்கையை விட்டுவிட்டுத் தொடையில் தடவுங்கள். மார்பில் தடவவே கூடாது. உடனே கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஜெல் நன்றாகக் காய்ந்ததும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குத் தடவிய இடத்தில் தண்ணீர் படக்கூடாது. பேத்தி தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பப்பை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், ஜெல்தானே என்று புரோஜெஸ்டிரானை விட்டுவிடாதீர்கள்.