நாற்பது நாள் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிலமானிய முறை பற்றிய உங்கள் கட்டுரையில், நிலம் பெற்ற பிரபுக்கள் அதற்கு ஈடாக ஆண்டுக்கு 40 நாள் அரசனுக்குப் படைச்சேவை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு கோட்டையை முற்றுகையிடவே அது போதாதே? வீரர்களும் கோட்டைகளும் பிரபுக்களிடம் இருக்க, அரசனுக்கு அவர்கள் ஏன் அடங்க வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போதாதுதான். அது அந்த அரசர்களுக்கும் தெரியும். இங்கிலாந்தை வைத்துச் சொல்கிறேன். அங்கே கணக்கேடுகள் நிறையவே மிஞ்சியிருக்கின்றன.

1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு முதலாம் வில்லியம், நிலம் பெற்றவர்கள் ஒவ்வொருவரும் இத்தனை நைட்டுகளை (கவசமணிந்த குதிரை வீரர்களை) அனுப்ப வேண்டும் என்று விதித்தார். மடாலயங்களும் தப்பவில்லை. நிலத்தின் வருமானத்துக்கும் இந்த எண்ணிக்கைக்கும் சம்பந்தம் குறைவு. பீட்டர்பரோ மடாலயத்துக்கு 60 நைட்டுகள். செல்வத்தில் அதற்குச் சளைக்காத ராம்சே மடாலயத்துக்கு வெறும் 4.

பிரபு தன் நிலத்தைக் கூறுபோட்டு நைட்டுகளுக்கு மானியமாகக் கொடுத்தார். சிக்கல் அங்கே தொடங்கியது. ஆண்வாரிசு இல்லாத வீட்டில் மகள்களுக்குள் மானியம் பங்கு பிரிந்தது. வாங்கியவர் அதிலேயே உள்மானியமும் கொடுத்தார். பாதி நைட், கால் நைட், இருபதில் ஒரு நைட் என்றெல்லாம் ஏட்டில் வருகிறது. இருபதில் ஒரு நைட் குதிரையேறி வர முடியாது. இருபதில் ஒரு பங்குப் பணம் தரலாம்.

அந்தப் பணத்துக்கு ஸ்கூட்டேஜ் என்று பெயர், கேடயப் பணம். 1159இல் தென் பிரான்சின் துலூஸ் மீதான படையெடுப்புக்காக மன்னர் இரண்டாம் ஹென்றி ஒரு நைட் மானியத்துக்கு 2 மார்க் கேட்டார். ஒரு மார்க் 160 பென்னி, ஆக 320. அன்றைக்கு ஒரு நைட்டின் நாள் சம்பளம் 8 பென்னி. நாற்பது நாளுக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். அந்தக் காசில் அமர்த்திய கூலிப்படை 41ஆம் நாள் அறுவடைக்குப் போகிறேன் என்று கிளம்பாது.

1166இல் ஹென்றி இன்னும் சாமர்த்தியமாக ஒன்று செய்தார். 1135க்கு முன் எத்தனை நைட்டுகளுக்கு மானியம் கொடுத்தீர்கள், பிறகு எத்தனை பேருக்கு, மானியம் கொடுக்காமல் சொந்தப் பண்ணையின் பொறுப்பில் எத்தனை பேர் என்று எல்லாப் பிரபுக்களிடமும் எழுதி வாங்கினார். இரண்டாண்டு கழித்து மகள் திருமண வரி வந்தபோது புதிய நைட்டுகளுக்கும் சேர்த்துக் கேட்டார். பழைய எண்ணிக்கைக்கு மேல் தர மாட்டோம் என்று ஆயர்களும் மடாதிபதிகளும் முரண்டுபிடித்தார்கள்.

கோட்டை விஷயமும் கடைசியில் காசு விஷயம்தான். ஃப்ராம்லிங்கம் கோட்டையில் ஹ்யூ பிகாட் என்ற பிரபு வலுவாக உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே ஆர்ஃபோர்டில் 1165 முதல் 1173 வரை ஹென்றி ஒரு கோட்டை கட்டினார். செலவு சுமார் 1,400 பவுண்டு. அந்தக் காலத்துப் பிரபுக்களில் பெரும்பாலோருக்கு அது பல வருட வருமானம். தனக்கு எதிரான 1173-74 கலகத்தில் பிகாட் தோற்றதும் ஹென்றி ஃப்ராம்லிங்கம் அரண்களை இடிக்கச் சொன்னார்.

ஆனால் கத்தி இருபுறமும் வெட்டும். ஹென்றியின் மகன் ஜான் மன்னர் கேடயப் பணத்தை அடிக்கடி கேட்டார். 1214இல் அதை 3 மார்க்காக உயர்த்தியபோது வடபகுதிப் பிரபுக்கள் மறுத்தார்கள். அடுத்த ஆண்டு, பிரபுக்கள் ஜானை ஏற்கவைத்த உரிமைச் சாசனமான மேக்னா கார்ட்டாவின் 12ஆம் பிரிவு, நாட்டின் பொது ஆலோசனையின்றிக் கேடயப் பணம் கூடாது என்றது. (1216இல் மறுபடி வெளியிட்டபோது அந்தப் பிரிவைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள்.)

முற்றுகைக்கு வருகிறேன். 1215 அக்டோபரில், கலகப் பிரபுக்கள் பிடித்துவைத்திருந்த ராச்செஸ்டர் கோட்டையை ஜான் வளைத்தார். கல்லெறி பொறிகளால் பிரதான கோபுரம் அசையவில்லை. அடித்தளத்துக்குக் கீழே சுரங்கம் தோண்டி, மரக்கால்களால் முட்டுக்கொடுத்து, அந்தக் கால்களைக் கொளுத்துவதுதான் வழி. சுரங்கத்துக்குள் காற்று குறைவு, வெறும் மரம் புகைந்தே அணைந்துவிடலாம்; கொழுப்பு சேர்ந்தால் தீ நன்றாகப் பிடிக்கும். எனவே நவம்பர் 25 அன்று, சாப்பாட்டுக்கு உதவாத கொழுத்த பன்றிகளில் 40 அனுப்பு என்று மன்னரின் ஆணை போனது. கோபுரத்தின் ஒரு மூலை சரிந்தது. அப்போதும் உள்ளே இருந்தவர்கள் நடுச்சுவருக்குப் பின்னால் ஒதுங்கிப் போராடினார்கள். பசி தாங்காமல் நவம்பர் 30 அன்று சரணடைந்தார்கள். மொத்தம் ஏறக்குறைய ஏழு வாரம், உங்கள் நாற்பது நாளைத் தாண்டி.