வாந்தி மாத்திரையா, மனநோய் மாத்திரையா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. தலைசுற்றலுக்கு எழுதித் தந்த ஸ்டெமெட்டில் 5 மி.கி. மாத்திரையை, பழைய சீட்டைக் காட்டி வாங்கி எட்டு மாதமாகத் தினம் மூன்று போட்டுக்கொள்கிறார். இப்போது கைகள் நடுங்குகின்றன, நடை தளர்ந்துவிட்டது. இது மனநோய் மருந்து என்கிறார்களே?

பதில்: ஆமாம். இதிலுள்ள புரோகுளோர்பெரசின் மனநோய்க்கும் தரப்படுவதுதான். அதற்கு அளவு பல மடங்கு அதிகம். மூளையில் வாந்தியைத் தூண்டும் இடத்தில் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தடுப்பதால் குமட்டல் அடங்குகிறது. அதே தடை உடல் அசைவை ஆளும் பகுதியிலும் விழும்போது நடுக்கம், விறைப்பு, குறுநடை வரும். வயதானவர்களுக்குச் சீக்கிரம் வரும். இதைப் பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோய் என்று நினைத்து அதற்கொரு மாத்திரையைக் கூடச் சேர்ப்பதும் நடக்கிறது. எனவே டாக்டரிடம் போகும்போது காலி அட்டையையும் கொண்டுபோங்கள். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் சரியாகும். வாய் தானாக மெல்லுவதுபோல அசைந்தால் உடனே சொல்லுங்கள், அது நிலைத்துவிடக்கூடும்.

தலைசுற்றலுக்கு இது முதல் சில நாட்களுக்கான மருந்து. அதற்குமேல் நீட்டினால், மூளை தானே சமநிலையைப் பழகிக்கொள்வதையும் தாமதப்படுத்தும். படுக்கையில் புரளும்போது மட்டும் சில விநாடி சுற்றுகிறதென்றால் காதுக்குள் துகள் இடம் மாறியிருக்கலாம். அதற்கு மாத்திரை வேலை செய்யாது. தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பிச் செய்யும் எப்ளி முறைதான் பலன் தரும். காது மூக்கு தொண்டை மருத்துவர் சில நிமிடங்களில் செய்துவிடுவார்.

கேள்வி: வாந்திக்கு ஊசி போட்ட அன்று இரவே என் 19 வயது மகனுக்குக் கழுத்து ஒரு பக்கம் இழுத்து, கண் மேலே செருகியது. பாட்டி மந்திரிக்கச் சொன்னார். ஏன் அப்படி?

பதில்: டோபமைனைத் தடுக்கும் புரோகுளோர்பெரசின், மெட்டோகுளோபிரமைட் போன்ற வாந்தி ஊசிகளில் இளவயதினருக்கு வரும் தசை இழுப்பு அது. வலிப்பு இல்லை, நினைவு தெளிவாக இருக்கும். மருத்துவமனையில் புரோமெத்தசின் போன்ற மாற்று ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். திரும்பவும் இழுக்காமலிருக்க இரண்டு மூன்று நாள் மாத்திரை தருவார்கள். கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் குழப்பமும் சேர்ந்தால் மட்டும் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

இனி வாந்தி என்று போனால், “புரோகுளோர்பெரசின், மெட்டோகுளோபிரமைட் ஒத்துக்கொள்ளாது” என்று முதலிலேயே சொல்லுங்கள். பதிலுக்கு ஒண்டான்செட்ரான் என்ற வேறு வகை வாந்தி மருந்தைக் கேட்கலாம்.