கடிதம் சுமந்த பாதிரியார்

கேள்வி: பல நாடுகளில் இனச் சண்டையை ஊதிவிடுவதே மதம்தான். அதே மதம் போய்ச் சமாதானம் பண்ணும் என்கிறார்களே, நடக்கிற காரியமா?
(திருமங்கலம் வாசகர்)

பதில்: நடந்திருக்கிறது. ஆனால் மதம் செய்தது என்று சொல்ல மாட்டேன், ஒரு மனுஷன் செய்தது. வட அயர்லாந்தில் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று பேர் வைத்துக்கொண்டு முப்பது வருஷம் அடித்துக்கொண்டார்கள். பூசையைப் பற்றிய சண்டையா? இல்லை, பிரிட்டனோடு இருப்பதா அயர்லாந்தோடு சேர்வதா என்பதுதான். ஆயுதக்காரர்கள் பக்கத்து அரசியல் கட்சிக்கும், வன்முறையை எதிர்த்த கத்தோலிக்கத் தரப்புத் தலைவர் ஜான் ஹியூமுக்கும் நடுவே ரகசியமாகக் கடிதம் சுமந்தவர் பெல்பாஸ்ட் குளோனார்ட் மடத்துப் பாதிரியார் அலெக் ரீட். 1988 மார்ச்சில் ஒரு சவ ஊர்வலத்துக்குள் காரோடு மாட்டிக்கொண்ட இரண்டு பிரிட்டிஷ் சிப்பாய்களை அடித்து இழுத்துப்போய்ச் சுட்டுப் போட்டார்கள். இவர் ஓடிப்போய் வாயில் வாய் வைத்து மூச்சு கொடுத்துப் பார்த்தார், பிழைக்கவில்லை, கடைசி ஜெபம் சொன்னார். அப்போது அவரிடம் இருந்த கடித உறையில் ரத்தம் பட்டுவிட்டது. உறையை மட்டும் மாற்றி, கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

1998 ஏப்ரலில் சமாதான ஒப்பந்தம் ஆனது. 2005ல் ஐ.ஆர்.ஏ. என்ற அந்த ஆயுதக்காரர் இயக்கம் ஆயுதங்களை ஒழித்தபோது சாட்சியாக நின்றவர்கள் இவரும் ஒரு மெதடிஸ்ட் போதகரும். இவரை ஏன் நம்பினார்கள் என்றால், ஓட்டு கேட்டு வரப்போகிற ஆள் இல்லை, பாவசங்கீர்த்தனம், அதாவது ஜனங்கள் செய்த பாவத்தைச் சொல்லக் கேட்கிறவர், ரகசியம் வெளியே போகாது. சண்டை போட்டவர்களுக்கே சலித்துப் போயிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் எந்தச் சாமியாராலும் ஒன்றும் ஆகியிருக்காது.

இலங்கையில் கதை தலைகீழ். 1957ல் தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு போட்ட ஒப்பந்தத்தை, புத்த பிக்குகள் தன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்ததும், மறு ஏப்ரலில் பிரதமர் பண்டாரநாயக்காவே ரத்து செய்தார். 1959ல் அவரைச் சுட்டதும் ஒரு பிக்குதான்!

அதற்காக அங்கே சாமி ஜனங்களைச் சேர்க்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம்ம ஆனையூர் இலங்கை அகதிகள் முகாமில், மன்னார்ப் பக்கத்து அம்மா ஒருவர் வீட்டு அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் மடு மாதா படம், அவர் ஊர்ப் பக்கத்து மாதா கோயில் அது. "ஆவணித் திருவிழாவுக்கு சிங்கள ஆக்களும் வருவினம், மரத்தடியில பக்கத்துப் பக்கத்தில சமைப்பம்" என்றார். சரி, சமைத்தார்கள். 1999 நவம்பரில் அதே கோயில் வளாகத்தில் ஷெல் விழுந்து, அடைக்கலம் புகுந்திருந்த முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். 2008 ஏப்ரலில் மாதா சிலையையே குருமார்கள் வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.